ஆரோக்ய சஞ்சீவனி: 60-க்கும் 70-க்கும் நடுவே ஒரு பாலிசி

தனியார் கம்பெனியில் 58 வயதில் ஓய்வு. மறுநாள் காலையிலிருந்து அலுவலக குரூப் இன்சூரன்ஸ் கிடையாது. வருமானம் பார்க்காமல் மத்திய அரசு தரும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டைக்கு (29 அக்டோபர் 2024-இல் தொடங்கியது, ஆண்டுக்கு 5 லட்சம்) 70 வயது நிறைய வேண்டும். நடுவில் 12 வருடம். கண்புரை, புராஸ்டேட், குடலிறக்கம், மூட்டுத் தேய்மானம், முதல் ஸ்டென்ட் எல்லாம் வரிசை கட்டி வருவது இந்த 12 வருடத்தில்தான்.

இந்த இடைவெளிக்குச் சந்தையில் கிடைக்கும் பாலிசிகளில் விளம்பரமே இல்லாத ஒன்றை இங்கே பிரித்துப் பார்க்கிறோம். ஆரோக்ய சஞ்சீவனி. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வாசகத்தை எழுதிக் கொடுத்து, மருத்துவக் காப்பீடு விற்கும் நிறுவனங்கள் எல்லாமே 1 ஏப்ரல் 2020 முதல் விற்றாக வேண்டும் என்று கட்டாயமாக்கிய பாலிசி இது. யாரிடம் வாங்கினாலும் உள்ளே இருக்கும் நிபந்தனைகள் ஒன்றுதான். மாறுவது பிரீமியமும் கிளெய்ம் நேரத்தில் நடத்தும் விதமும் மட்டும். ஏஜென்டுக்கு இதை விற்பதில் பெரிய ஆர்வம் இருக்காது. கேட்டால் “அது பேசிக் பிளான் சார், உங்களுக்கு வேற நல்லது இருக்கு” என்பார். அந்த வேறொன்று பெரும்பாலும் 20 அல்லது 30 சதவீத கோ-பே (ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்கள் கட்ட வேண்டிய பங்கு) வைத்த சீனியர் பிளானாக இருக்கும்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு விஷயம். அரசுக் காப்பீடு உண்மையிலேயே கிடைக்காதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு வயது வரம்பு இல்லை, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் போதும். பிஎஃப் பென்ஷன் மட்டுமே வாங்கும் தம்பதியின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பில் 35 வருட சர்வீஸ் போட்டவருக்கே மாதம் 7,500 ரூபாய்தான், ஆண்டுக்கு 90,000. தனி ரேஷன் அட்டையில் இருவர் மட்டும் இருந்து, வேறு வருமானம் இல்லாவிட்டால் விஏஓ அலுவலகத்தில் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போகலாம். வருமானம் கூடுதல் என்று தாங்களே முடிவு செய்துகொண்டு விண்ணப்பிக்காமல் இருப்பவர்கள் ஏராளம். அதுபோலவே, இஎஸ்ஐ-யில் 5 வருடமாவது இருந்து ஓய்வு வயதில் வெளியே வந்தவர் மாதம் 10 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 120 ரூபாயை முன்கூட்டியே கட்டினால் தனக்கும் துணைக்கும் இஎஸ்ஐ மருத்துவ வசதி தொடரும். 120 ரூபாய்க்கு இதைவிட மலிவாக நாட்டில் எதுவும் இல்லை. இந்த இரண்டுமே பொருந்தாதவர்களுக்குத்தான் இனி வருவது.

பாலிசியில் என்ன இருக்கிறது

காப்பீட்டுத் தொகை பல நிறுவனங்களில் 10 லட்சம் வரை கிடைக்கிறது. நிபந்தனைகளில் பணத்தைத் தொடுபவை இவை. ஒவ்வொரு கிளெய்முக்கும் 5 சதவீதம் கோ-பே, அதாவது ஏற்கப்பட்ட தொகையில் நூற்றுக்கு ஐந்து உங்கள் பையிலிருந்து. வயது கூடியதால் இந்த விகிதம் கூடாது, 62-இலும் 78-இலும் அதே ஐந்துதான். அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ஆனால் நாளுக்கு 5,000 ரூபாயைத் தாண்டாது. ஐசியு 5 சதவீதம், நாளுக்கு 10,000-ஐத் தாண்டாது. கண்புரைக்கு ஒரு கண்ணுக்குக் காப்பீட்டுத் தொகையில் கால் பங்கு அல்லது 40,000, எது குறைவோ அது. ஆம்புலன்ஸுக்கு ஒரு அட்மிஷனுக்கு 2,000. சேர்வதற்கு முந்தைய 30 நாள் செலவும் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாள் செலவும் உண்டு. கிளெய்ம் இல்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் 5 சதவீதம் போனஸாகக் காப்பீட்டுத் தொகை கூடும், உச்சம் 50 சதவீதம்.

சித்தா, ஆயுர்வேத உள்நோயாளி சிகிச்சைக்கும் முழுக் காப்பீட்டுத் தொகை வரை இடமுண்டு. அது முறையான ஆயுஷ் மருத்துவமனையாக இருக்க வேண்டும். எண்ணெய்க் குளியல் விடுதிகள் அந்தக் கணக்கில் வராது.

பிரீமியம் நாடு முழுவதும் ஒரே விலை. சென்னைக்காரருக்கு ஒன்று, செய்யாறுக்காரருக்கு ஒன்று என்று மண்டலம் பிரித்து வாங்க இந்தப் பாலிசியில் அனுமதி இல்லை. ரைடர், அதாவது தனிக் கட்டணத்தில் சேர்க்கும் கூடுதல் பாதுகாப்பு, எதையும் ஒட்டவும் முடியாது. இதில் லாபமும் நஷ்டமும் இரண்டும் உண்டு, நஷ்டத்தைப் பின்னால் பார்க்கலாம்.

2 சதவீதத்தையும் 5,000 உச்சவரம்பையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். இரண்டரை லட்சத்துக்கு 2 சதவீதமே 5,000. அதற்கு மேல் 5 லட்சம் எடுத்தாலும் 10 லட்சம் எடுத்தாலும் அறை உயராது. பெரிய தொகை எடுத்தால் பெரிய அறை கிடைக்கும் என்று நினைத்து 10 லட்சம் வாங்கியவர் ஏமாந்துதான் போவார். பெரிய தொகை உதவுவது நீண்ட சிகிச்சைக்கு, புற்றுநோய் போன்றவற்றுக்கு.

அந்த 5,000 ரூபாய்

இந்தப் பாலிசியைப் பற்றிய புகார்களில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது, ஆகவே கொஞ்சம் நிதானமாக.

5,000 என்பது அறைக்கு மட்டுமல்ல. வாசகம் அறை வாடகை, உணவு, நர்சிங் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறது. அறை 4,500 என்று அட்மிஷன் கவுண்டரில் சொல்வார்கள். நர்சிங் கட்டணம் 900 என்று பில்லில் தனி வரியாக வரும். சேர்த்து 5,400, வரம்பு தாண்டிவிட்டது. கவுண்டரில் கேட்க வேண்டிய கேள்வி: “நர்சிங் சார்ஜ் சேர்த்து ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு?”

தாண்டினால் வித்தியாசத்தை மட்டும் கட்டினால் போதும் என்று நினைப்பதுதான் அடுத்த தவறு. அறையின் தரத்தைப் பொறுத்து மருத்துவமனைகள் சர்ஜன் கட்டணம், தியேட்டர், மயக்க மருந்து நிபுணர், டாக்டர் விசிட் எல்லாவற்றையும் உயர்த்தும். அதனால் காப்பீட்டு நிறுவனம் அவற்றையும் அதே விகிதத்தில் வெட்டும். மருந்து, இம்பிளான்ட், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ஆகியவற்றில் இந்த வெட்டு கூடாது. ஐசியு கட்டணத்திலும் விகித வெட்டு கூடாது என்று ஆணையம் சொல்லியிருக்கிறது.

ஓர் உதாரணக் கணக்கு. காப்பீட்டுத் தொகை 5 லட்சம். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவு, அறுவை சிகிச்சை, 5 நாள். நர்சிங் சேர்த்து நாளுக்கு 8,000 ரூபாய் அறை, ஆக 40,000. சர்ஜன், தியேட்டர், மயக்கவியல், விசிட் எல்லாம் 1,60,000. மருந்து 45,000, பிளேட்டும் ஸ்க்ரூவும் 60,000, ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் 22,000. கையுறை, டயபர், வாக்கர், அட்டெண்டர் என்று 13,000. பில் மொத்தம் 3,40,000.

நிறுவனம் போடும் கணக்கு வேறு. அறைக்கு 5 நாளுக்கு 25,000. எட்டில் ஐந்து பங்கு என்ற விகிதத்தில் 1,60,000 சுருங்கி 1,00,000 ஆகும். மருந்து, இம்பிளான்ட், பரிசோதனை 1,27,000 முழுதாக. கடைசி 13,000-த்துக்குப் பூஜ்யம். ஏற்கப்பட்ட தொகை 2,52,000. அதில் 5 சதவீத கோ-பே 12,600 போக 2,39,400 வரும். நீங்கள் கட்டுவது 1,00,600.

அதே மருத்துவமனையில் 5,000 ரூபாய் அறையை எடுத்திருந்தால்? அறை 25,000, சர்ஜன் வகையறா அந்த அறைக்கான விலையில் 1,30,000 என்று வைத்துக்கொள்வோம். மற்றவை மாறாது. பில் 2,95,000. ஏற்கப்படுவது 2,82,000, கோ-பே 14,100, நிறுவனம் தருவது 2,67,900. உங்கள் பையிலிருந்து 27,100. நாளுக்கு 3,000 ரூபாய் கூடுதல் அறை, 5 நாளுக்கு 15,000-தான் என்று தோன்றும். உண்மையில் அது தின்றது 73,500.

போதாக்குறைக்கு, நாள் வாடகை 5,000-ஐத் தாண்டும் அறைக்கு (ஐசியு தவிர்த்து) 18 ஜூலை 2022 முதல் 5 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. மேலே உள்ள கணக்கில் அதைச் சேர்க்கவில்லை.

சென்னையின் பெரிய கார்ப்பரேட் மருத்துவமனைகளில் இந்தத் தொகைக்குத் தனி அறை கிடைப்பது கடினம். இருவர் அறை அல்லது பொது வார்டுதான். மாவட்டத் தலைநகரங்களின் நடுத்தர மருத்துவமனைகளில் தனி அறையே கிடைத்துவிடும். ஆகவே திருச்சியிலோ நாகர்கோவிலிலோ இருப்பவருக்கு இந்தப் பாலிசி அளவெடுத்துத் தைத்த சட்டை. ‘சிகிச்சை என்றால் சென்னையில்தான், அதுவும் தனி ஏசி அறையில்தான்’ என்பவர் இதை வாங்க வேண்டாம்.

அறை காலி இல்லாததால் மேல் வகுப்பு அறையில் போட்டால் என்ன செய்வது? அதை மருத்துவமனை லெட்டர்ஹெட்டில், தேதி நேரத்தோடு எழுதி வாங்குங்கள். கிளெய்மில் அது கட்டாயம் வெல்லும் என்று சொல்வதற்கில்லை, ஆனால் குறைதீர்ப்பாளர் முன்னால் நிற்கும்போது கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அந்தக் கடிதம். இன்னொன்று, எந்த அறையானாலும் சர்ஜன் கட்டணம் ஒன்றே என்று வைத்திருக்கும் மருத்துவமனைகள் உண்டு. அங்கே விகித வெட்டு போடக்கூடாது. போட்டிருந்தால் மருத்துவமனையின் விலைப்பட்டியலைக் கேட்டு வாங்கி இணைத்து அனுப்புங்கள்.

அந்த 13,000 ரூபாய்க்கு வருவோம். ஆணையத்தின் பட்டியலில் 68 பொருள்கள் பணம் தரப்படாதவை. கையுறை, முகக்கவசம், டயபர், கிரேப் பேண்டேஜ், நெபுலைசர் கிட், ஸ்பைரோமீட்டர், முழங்கால் பிரேஸ், வாக்கர், தனி நர்ஸ், அட்டெண்டர் எல்லாம் அதில் அடக்கம். படித்தால் முதியோர் வார்டின் அலமாரியைத் திறந்து பார்த்து எழுதியதுபோல இருக்கும். மற்ற பாலிசிகளில் இதற்கென்று ரைடர் கிடைக்கிறது. இதில் ரைடரே கிடையாது என்பதுதான் முன்பு சொன்ன நஷ்டம்.

காத்திருப்பு

முதல் 30 நாளுக்கு விபத்து தவிர எதற்கும் கிளெய்ம் இல்லை. கண்புரை, புராஸ்டேட் வீக்கம், எல்லா வகைக் குடலிறக்கம், மூலம், பித்தப்பை மற்றும் சிறுநீரகக் கற்கள், கர்ப்பப்பை நீக்கம், வெரிகோஸ் வெயின் ஆகியவற்றுக்கு 24 மாதம். மூட்டு மாற்று, வயது சார்ந்த மூட்டுத் தேய்மானம், எலும்புப்புரை ஆகியவற்றுக்கும், முன்பே இருந்த நோய்களுக்கும் வாசகம் வந்தபோது 48 மாதம் இருந்தது. 2024 ஏப்ரலில் ஆணையம் உச்சவரம்பை 36 மாதமாகக் குறைத்துவிட்டது. பழைய அச்சுப் பிரதியில் 48 என்று இருந்தால் கவலை வேண்டாம். மேலே சொன்ன எலும்பு முறிவு விபத்து என்பதால் இந்தக் காத்திருப்புகள் அதைத் தொடாது.

இந்த 36 மாதத்தை வயதோடு பொருத்திப் பாருங்கள். 60-இல் வாங்கியவருக்குச் சர்க்கரை சார்ந்த கிளெய்முக்கு 63-இல் வழி திறக்கும். 65-இல் வாங்கியவருக்கு 68-இல். 67-இல் வாங்கினால் வழி திறக்கும் நாளும் அரசு அட்டைக்கு வயது வரும் நாளும் ஒன்று. மூன்று வருடப் பிரீமியம் விபத்துக்கும் புதுநோய்க்கும் மட்டும் காவல் காத்திருக்கும். ஆகவே இதை வாங்க நினைப்பவர் வேலையில் இருக்கும்போதே, 56, 57 வயதிலேயே வாங்கிவிடுவது உத்தமம். கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கும்போது எதற்கு இரண்டாவது என்று கேட்டால், காத்திருப்புக் காலத்தைக் கம்பெனி இன்சூரன்ஸின் நிழலிலேயே கழிக்க என்பதுதான் பதில். தவிர இந்தப் பாலிசிக்கு நுழைவு வயது 65 வரை என்று வைத்துத்தான் வாசகம் முதலில் எழுதப்பட்டது, அதற்கு மேல் சேர்ப்பார்களா என்பதை நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே வந்துவிட்டால் புதுப்பிப்புக்கு ஆயுள் முழுக்கத் தடையில்லை.

ஓய்வு நெருங்கிவிட்டவருக்கு இன்னொரு வழி இருக்கிறது, ஆனால் எச்ஆர் தானாகச் சொல்லமாட்டார். குரூப் பாலிசியில் இருப்பவருக்கு அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறும் உரிமை உண்டு, குரூப்பில் கழித்த வருடங்கள் காத்திருப்பில் கழியும். நிறுவனம் உடல்நிலையைப் பார்த்துத்தான் ஏற்கும், பிரீமியமும் அதன் விருப்பம், என்றாலும் முயன்று பார்க்க வேண்டியது. கடைசி வேலை நாளுக்கு 45 நாள் முன்பே கிளம்புங்கள். குரூப் பாலிசி எண், உறுப்பினர் எண், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறீர்கள் என்ற கடிதம், கிளெய்ம் வரலாறு இவற்றை எச்ஆரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஓய்வுக்குப் பின் அந்த மெயில் ஐடி வேலை செய்யாது.

புரபோசல் படிவம்

கிளெய்ம் தோற்பது மருத்துவமனையில் அல்ல, வாங்கிய அன்று படிவத்தில். முன்பே இருந்த நோய் என்றால் பாலிசி தேதிக்கு முந்தைய 36 மாதத்தில் டாக்டர் கண்டறிந்ததோ, ஆலோசனையோ சிகிச்சையோ தந்ததோ எல்லாம். பிபி மாத்திரை அரை மாத்திரையாக இருந்தாலும் எழுதுங்கள். தைராய்டையும் எழுதுங்கள். “சுகர் பார்டர்தானே, போட வேண்டாம்” என்று சொல்லும் ஏஜென்ட் கிளெய்ம் நாளில் போனை எடுக்கமாட்டார். டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பத்தியிலேயே ஜூனியர் டாக்டர் “10 வருடமாகச் சர்க்கரை” என்று எழுதிவிடுவார், அந்த ஒரு வரி போதும். குடும்பத்தார் அந்தச் சம்மரியைக் கையெழுத்துப் போடும் முன் படிக்க வேண்டும். 3 வருடச் சர்க்கரை 13 வருடமாகத் தவறி விழுந்திருந்தால் அங்கேயே திருத்த வேண்டும், பிறகு திருத்தினால் சந்தேகம் வரும்.

ஆன்லைனில் வாங்கினாலும் ஏஜென்ட் மூலம் வாங்கினாலும், நிரப்பிய படிவத்தின் நகல் பாலிசியோடு வரும். அதில் நோய் கேள்விகளுக்கு எதிரே என்ன டிக் இருக்கிறது என்று அன்றே பாருங்கள். தவறு இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழியத் தகவலை மறைத்ததாகச் சொல்லி எந்த நிறுவனமும் கிளெய்மை மறுக்க முடியாது. அந்த 60 மாதத்துக்கு நடுவே ஒரு புதுப்பிப்பைத் தவறவிட்டால் எண்ணிக்கை முதலிலிருந்து. வங்கியில் ஆட்டோ டெபிட் போட்டு, அந்தக் கணக்கில் பணம் இருக்கிறதா என்று ஒரு வாரம் முன்பே பார்ப்பது நல்லது.

கணவன் மனைவி இருவருக்கும் தனித்தனிப் பாலிசியா, ஒரே தொகையை இருவரும் பகிரும் ஃப்ளோட்டரா? 60-க்கு மேல் தனித்தனிதான். ஃப்ளோட்டரில் ஒருவர் நோய் இருவர் தொகையையும் குறைக்கும், போனஸும் போகும்.

எதோடு ஒப்பிடுவது

சீனியர் என்ற பெயரில் வரும் பிளான்களின் பலம் உடல்நிலை பார்க்காமல் சேர்ப்பது. உதாரணத்துக்கு ஸ்டார் ஹெல்த்தின் சீனியர் சிட்டிசன்ஸ் ரெட் கார்பெட் 60 முதல் 75 வயது வரை மருத்துவப் பரிசோதனை இல்லாமல் எடுத்துக்கொள்கிறது, முன்பே இருந்த நோய்க்குக் காத்திருப்பு 12 மாதம்தான். விலை கோ-பேயில் இருக்கிறது, 30 சதவீதம். மேலே சொன்ன 3,40,000 ரூபாய் பில்லையே எடுத்து, அறை வரம்பே இல்லை என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், ஏற்கப்படும் 3,27,000-இல் 30 சதவீதம் 98,100. அத்துடன் 13,000. ஆக 1,11,100 உங்கள் பங்கு. ஆரோக்ய சஞ்சீவனியில் தவறான அறை எடுத்தவரின் நஷ்டமே இதைவிடக் குறைவு.

அதற்காக ரெட் கார்பெட் மோசம் என்று அர்த்தமில்லை. ஸ்டென்ட் வைத்தவர், 66 வயதைத் தாண்டியவர், மற்ற நிறுவனங்கள் கதவைச் சாத்தியவர் ஆகியோருக்கு 12 மாதக் காத்திருப்பு பெரிய விஷயம். கிடைக்கும் 70 சதவீதம் கிடைக்காத 95-ஐவிட மேல். ஆனால் 60 வயதில் பிபி மாத்திரை மட்டும் சாப்பிடும் ஒருவரை நேராக அங்கே கொண்டுபோய் விடுவது சரியல்ல. முதலில் ஆரோக்ய சஞ்சீவனிக்கு விண்ணப்பிக்க வேண்டும், மறுத்தால் சீனியர் பிளான்.

வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு என்று விற்கப்படும் குரூப் பாலிசிகளையும் பலர் கேட்கிறார்கள். தொடக்கத்தில் மலிவு. ஆனால் வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் முடிந்தால் உங்கள் பாலிசியும் முடியும். வரியிலும் ஒரு வேறுபாடு வந்துவிட்டது. 22 செப்டம்பர் 2025 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை, குரூப் பாலிசிக்குப் பழைய 18 சதவீதம் அப்படியே.

5 லட்சத்துக்கு மேல் பாதுகாப்பு வேண்டுமென்றால் ஆரோக்ய சஞ்சீவனியை 10 லட்சமாக்குவதைவிட, 5 லட்சம் டிடக்டிபிள் வைத்த (முதல் 5 லட்சத்தைத் தராமல் அதற்கு மேல் உள்ளதை மட்டும் தரும்) சூப்பர் டாப்-அப் ஒன்றை அதன் மேல் வைப்பது பெரும்பாலும் சிக்கனம். பெயரில் ‘சூப்பர்’ இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் டாப்-அப் ஒவ்வொரு அட்மிஷனையும் தனியாகக் கணக்கிடும், சூப்பர் டாப்-அப் வருடம் முழுக்கக் கூட்டும். 60-க்கு மேல் ஒரே வருடத்தில் இரண்டு மூன்று முறை மருத்துவமனைக்குப் போக நேரலாம், ஒவ்வொரு பில்லும் 5 லட்சத்தைத் தாண்டாமலும் இருக்கலாம்.

எந்த நிறுவனத்திடம் வாங்குவது? வாசகம் ஒன்று என்பதால் மலிவானதை எடுத்துவிடலாம் என்று தோன்றும். முதல் வருட விலையை வைத்து முடிவெடுக்காதீர்கள். 61, 66, 71, 76 வயதுகளுக்கான பிரீமியத்தை வரிசையாகக் கேளுங்கள், அட்டவணை எல்லா நிறுவனத்திடமும் இருக்கிறது. 2025 ஜனவரியில் ஆணையம், 60 வயதைத் தாண்டியவர்களின் பிரீமியத்தைத் தன்னைக் கலந்துகொள்ளாமல் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக்கூடாது என்று உத்தரவிட்டிருக்கிறது. அதன் பிறகு, உங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகும் தூரத்தில் உள்ள மூன்று மருத்துவமனைகளின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் நேரில் போய், “இந்த கம்பெனிக்கு கேஷ்லெஸ் இப்போது நடக்கிறதா?” என்று, அதாவது பில்லை நிறுவனமே நேராகக் கட்டுகிறதா என்று கேளுங்கள். இணையதளப் பட்டியலில் பெயர் இருக்கும், டெஸ்க்கில் “நிறுத்திட்டோம்” என்பார்கள். டெஸ்க் சொல்வதே உண்மை. சிறிய நர்சிங் ஹோம் என்றால் படுக்கை எண்ணிக்கையையும் பாருங்கள். 10 லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் 10 படுக்கை, பெரிய நகரத்தில் 15 படுக்கை இருந்தால்தான் பாலிசி அதை மருத்துவமனை என்றே ஏற்கும்.

கிளெய்ம் நாளில்

திட்டமிட்ட சிகிச்சைக்கு 48 மணி நேரம் முன்பும், அவசரத்துக்குச் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள்ளும் தகவல் சொல்ல வேண்டும். ஆணையத்தின் 29 மே 2024 சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் அனுமதிக்கு நிறுவனத்துக்கு ஒரு மணி நேரம், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரம். அதைத் தாண்டி, மருத்துவமனை கூடுதல் வாடகை போட்டால் அது நிறுவனத்தின் செலவு. நடைமுறையில் தாமதம் பெரும்பாலும் மருத்துவமனையின் பில்லிங் பிரிவில்தான். இறுதி பில்லை எத்தனை மணிக்கு அனுப்பினார்கள் என்று டெஸ்க்கில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், மூன்று மணி நேரம் அங்கிருந்துதான் தொடங்கும்.

பணத்தைக் கட்டிவிட்டுத் திரும்பப் பெறுவதானால் டிஸ்சார்ஜிலிருந்து 30 நாளுக்குள் காகிதங்கள் போய்ச் சேர வேண்டும். பிந்தைய 60 நாள் செலவுக்கு, அந்தச் சிகிச்சை முடிந்த 15 நாளுக்குள். மருந்துச் சீட்டு இல்லாத மருந்து பில், ரிப்போர்ட் இல்லாத லேப் பில், இம்பிளான்ட் ஸ்டிக்கர் இல்லாத இம்பிளான்ட் பில் ஆகிய மூன்றும்தான் கேள்விக் கடிதம் வரவழைப்பவை. ஸ்டிக்கரை டிஸ்சார்ஜுக்கு முன் கேட்டு வாங்குங்கள்.

புராஸ்டேட்டுக்கு லேசர், கண்ணுக்குள் போடும் ஊசி, ரோபோ அறுவை, வாய்வழிக் கீமோ, இம்யூனோதெரபி ஊசி ஆகியவற்றுக்கு இந்தப் பாலிசி காப்பீட்டுத் தொகையில் பாதி வரைதான் தரும். 2 லட்சம் எடுத்தவருக்கு அது 1 லட்சம். இதற்காகவாவது 5 லட்சத்துக்குக் கீழே எடுக்க வேண்டாம்.

மறுத்தால், காரணத்தைப் பாலிசி விதி எண்ணோடு எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி ஒரு மாதம் காத்திருங்கள். ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலோ பீமா பரோசா என்ற அதன் புகார் தளத்திலோ பதிவு செய்யலாம். அதற்கும் மசியாவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னை தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரையிலான தகராறைக் கேட்பார், நிறுவனம் மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். தீர்ப்பை 30 நாளில் நிறைவேற்றாத நிறுவனம் நாளுக்கு 5,000 ரூபாய் வீதம் உங்களுக்குத் தர வேண்டும்.

70 நிறைந்ததும் வய வந்தனா அட்டைக்குப் பதிவு செய்யுங்கள். ஆதாரில் உள்ள வயதுதான் கணக்கு, ஆகவே ஆதாரில் பிறந்த தேதி தவறாக இருந்தால் 69-இலேயே திருத்திவிட வேண்டும். தனியார் பாலிசி வைத்திருப்பது அந்த அட்டைக்குத் தடையில்லை. அட்டை கையில் வந்து, நீங்கள் போகும் மருத்துவமனை உங்கள் சிகிச்சைக்கு அதை ஏற்கிறது என்று டெஸ்க்கில் கேட்டு உறுதி செய்யும்வரை ஆரோக்ய சஞ்சீவனியின் புதுப்பிப்பை நிறுத்தாதீர்கள். 72-இல் விட்டுவிட்டு 74-இல் மறுபடி வாங்கப் போனால் அந்த 36 மாதம் முதலிலிருந்து தொடங்கும்.